அடைப்பும் தெருவும்: நானோ நேகிளின் கல்விப்பணி வரலாறு

முன்னுரை

கத்தோலிக்கப் பெண் துறவியர் நடத்திய பள்ளிகளுக்குத் தமிழகக் கல்வி வரலாற்றில் தனியிடம் உண்டு. அப்பள்ளிகளின் தொண்டு குறித்துப் பாராட்டுரைகள் பல உள. அவற்றை நடத்திய சபைகள் எந்த நாட்டில், எத்தகைய நெருக்கடியில், யார்பொருட்டுத் தோன்றின என்னும் வினாக்களோ இன்னும் விரிவாக ஆராயப்பட வேண்டியவை. சென்னையில் சர்ச் பார்க் பள்ளியை நிறுவிய பிரசன்டேஷன் சபையின் மூலவரான நானோ நேகிள் (1718–1784) என்னும் அயர்லாந்துப் பெண்மணியின் வாழ்வை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

ஏழைகள் இருக்குமிடம் தேடிச் செல்வதே நானோ நேகிள் வகுத்த கல்விமுறையின் உயிர்நிலை. அம்முறை தமக்குப் பின்னும் நிலைக்க வேண்டுமென்று அவர் விரும்பினார். நிலைபேற்றுக்கு அன்றைய திருச்சபை வகுத்திருந்த வழியோ, கன்னியர் மதிலுக்குள்ளேயே வாழும் 'அடைப்பு' முறையாகும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட முரணே அவர் வாழ்வின் பிற்பகுதியையும் அவர் சபையின் பிற்கால வரலாற்றையும் வடிவமைத்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

சட்டமும் நிலமும்

ஹொனோரா என்பது அவர்தம் திருமுழுக்குப் பெயர். நானோ என்பது வீட்டில் வழங்கிய பெயர். தெற்கு அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில், பிளாக்வாட்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள பாலிகிரிஃபின் என்னும் ஊரில் நிலவுடைமைக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தை காரெட் நேகிள். தாய் ஆன் மாத்யூ. அக்குடியினர் பழங்கத்தோலிக்கர். இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் அரசு வழக்கறிஞராக விளங்கிய சர் ரிச்சர்ட் நேகிள் இக்குடியைச் சார்ந்தவர். இந்தியத் தலைமை ஆளுநராயிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது பிரித்தானிய நாடாளுமன்றத்தில் குற்றம் சாட்டி வாதிட்ட எட்மண்ட் பர்க்கும் தாய்வழியில் இக்குடிக்கு உறவினரே. பர்க் இளமையில் சில ஆண்டுகள் இதே பள்ளத்தாக்கில், தாய்வழி உறவினரிடையே வளர்ந்தவர்.

நானோ பிறந்த காலத்தில் அயர்லாந்துக் கத்தோலிக்கர் மீது பீனல் சட்டங்கள் எனப்படும் ஒடுக்குமுறைச் சட்டத்தொகுதி நடைமுறையில் இருந்தது. 1695ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதையும், பிள்ளைகளைக் கல்விக்காக அயல்நாட்டிற்கு அனுப்புவதையும் தடைசெய்தது. கற்பித்தவருக்கு இருபது பவுன் தண்டமும் மூன்று திங்கள் சிறையும் விதிக்க அதில் இடமிருந்தது. 1704ஆம் ஆண்டுச் சட்டம் நிலவுடைமையின் வேரையே தாக்கியது. கத்தோலிக்கர் புதிதாக நிலம் வாங்கலாகாது. முப்பத்தொரு ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு எடுக்கலாகாது. தந்தை இறந்தால் நிலம் ஆண்மக்கள் அனைவருக்கும் துண்டாடப்பட வேண்டும். மூத்த மகன் அரசுசார் ஆங்கிலிக்கத் திருச்சபையில் சேர்ந்தால் மட்டும் நிலம் முழுவதும் அவனுக்கே உரியதாகும்.

கல்வித்தடைச் சட்டமும் நிலச் சட்டமும் தனித்தனியே ஆராயப்படுவது வழக்கம். நானோவின் வாழ்வை விளங்கிக்கொள்ள அவற்றை இணைத்தே காண வேண்டும். பள்ளி நடத்துவது குற்றம். அக்குற்றம் வெளிப்பட்டால் ஆபத்து நடத்தியவரோடு நின்றுவிடாது. நிலத்தை எவ்வாறோ காப்பாற்றி வைத்திருந்த குடும்பம் முழுவதும் பகைவர் கண்ணில் படும்.

தடை இருந்ததனால் கல்வி அடியோடு அழிந்துவிடவில்லை. வேலியோரத்திலும் கொட்டகையிலும் நாடோடி ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு மறைவாகக் கற்பித்தனர். வேலியோரப் பள்ளிகள் என அவை பெயர் பெற்றன. ஆசிரியர் ஒருவரை மட்டுமே நம்பி, ஊரார் தரும் கூலியில் நடந்தமையால் நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களோடு அவற்றை ஒருவாறு ஒப்பிடலாம். திண்ணைப் பள்ளி ஊரறிய நடந்தது. வேலியோரப் பள்ளிக்கு ஒரு பிள்ளை காவல் நிற்க வேண்டியிருந்தது. கூலி கொடுக்க இயலாத நகர்ப்புற ஏழைகளுக்கு இவ்வழியும் அடைபட்டிருந்தது. அவர்களுக்கென்று எஞ்சியவற்றுள் ஒன்று, 1733இல் அரச சாசனம் பெற்ற சார்ட்டர் பள்ளிகள். கத்தோலிக்க ஏழைப் பிள்ளைகளைச் சீர்திருத்தச் சபையினராக்குவது அப்பள்ளிகளின் வெளிப்படையான நோக்கம். நானோவின் பள்ளிகள் சமயக் கல்வியை முதன்மையாகக் கொண்டமைக்கு இப்போட்டிச் சூழலும் ஒரு காரணமாகும்.

பாரிஸிலிருந்து பாலிகிரிஃபினுக்கு

வசதி படைத்த கத்தோலிக்கர் சட்டத்தை மீறித் தம் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பினர். நானோவும் அவர் தங்கை ஆனும் அவ்வாறே பிரான்சில் பயின்றனர். கல்வி முடிந்தபின் பாரிஸ் நகரின் விருந்துகளிலும் நடனங்களிலும் நானோ கலந்துகொண்டார். இரவு முழுவதும் நீண்ட விருந்தொன்றிலிருந்து விடியற்காலையில் வண்டியில் திரும்பியபோது, கோவில் கதவு திறப்பதை எதிர்நோக்கிக் குளிரில் காத்திருந்த ஏழைத் தொழிலாளரைக் கண்டு அவர் மனம் மாறினார் என்பது மரபாக வழங்கும் செய்தி. அடியார் வரலாறுகளில் இத்தகைய திருப்புமுனைக் காட்சிகள் ஒரு வகைமையாகவே அமைந்தவை. சேக்கிழாரைப் பயின்றவர்க்கு இது புதிதன்று. அக்காட்சி நிகழ்ந்திருக்கலாம். எனினும் அதன்பின் அவர் நேரே பணிக்கு வந்துவிடவில்லை என்பதே வரலாற்றாய்வாளர் கருத வேண்டியது.

1746இல் தந்தை மறைந்தார். நானோ அயர்லாந்து திரும்பினார். தாயும் தங்கை ஆனும் அடுத்தடுத்து மறைந்தனர். ஏழைக் குடும்பமொன்றின் துயர் துடைக்க, பாரிஸிலிருந்து கொணர்ந்த பட்டுத்துணியைத் தங்கை விற்றுவிட்டதை அறிந்து நானோ நெகிழ்ந்தார் என்பர். பிறந்த ஊரான பாலிகிரிஃபினில் குத்தகைக் குடியானவர் நடுவே வாழ்ந்தபோது அவர்தம் வறுமையும் சமய அறியாமையும் அவரை உறுத்தின. தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று எண்ணி மீண்டும் பிரான்சுக்கே சென்று துறவு மடம் புகுந்தார். அயர்லாந்தின் ஏழைப் பிள்ளைகள் பற்றிய நினைவு அங்கும் அவரை விடவில்லை. ஆன்ம குருவின் அறிவுரைப்படி மடத்தை விட்டுத் தாயகம் திரும்பினார். மடத்தின் அமைதியைத் தாமே விரும்பி நாடியவர், அதை விட்டு வெளியேறித் தம் பணியைத் தொடங்கினார் என்னும் இச்செய்தி பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்கப் பொருள் மிக்கது.

கோவ் சந்துப் பள்ளி

1750களின் நடுப்பகுதியில் கார்க் நகரின் கோவ் சந்தில் நானோவின் முதல் பள்ளி தோன்றியது. கார்க் அன்று செழித்த துறைமுகம். உப்பிட்ட மாட்டிறைச்சியும் வெண்ணெயும் அங்கிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறின. அச்செழிப்பின் ஓரத்தில், சேறு படிந்த சந்துகளில் தினக்கூலிகளும் அவர்தம் பிள்ளைகளும் வாழ்ந்தனர்.

பள்ளி தொடங்கிய விதத்தை 1769இல் எலினோர் ஃபிட்ஸ்சைமன்ஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் நானோவே விவரித்துள்ளார். அவர் வாழ்வுக்குரிய முதன்மைச் சான்று அக்கடிதமே. கார்க்கில் அண்ணன்–தம்பி உறவினர் இல்லத்தில், சகோதரர் ஜோசப்புடனும் அவர் மனைவியுடனும் நானோ தங்கியிருந்தார். பள்ளி தொடங்கும் எண்ணத்தை ஆன்ம குரு ஒருவரிடம் மட்டுமே சொன்னார். தாம் வெளிப்பட இயலாமையால் பணிப்பெண்ணை அனுப்பி ஆசிரியை ஒருவரை அமர்த்தி, ஏழைச் சிறுமியர் முப்பதின்மரைச் சேர்க்கச் செய்தார். காலைதோறும் அவர் கோவிலுக்குச் செல்வதாகவே சகோதரர் எண்ணியிருந்தார்.

ஒருநாள் ஏழை ஒருவர் ஜோசப்பைத் தேடிவந்து, தம் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளுமாறு நானோவிடம் பரிந்துரைக்க வேண்டினார். வந்தவருக்குச் சித்தம் பேதலித்துவிட்டது என்று கருதிய ஜோசப், உள்ளே வந்து மனைவியிடமும் நானோவிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார். பள்ளி நடத்துவது உண்மையே என்று நானோ அப்போது ஒப்புக்கொண்டார். சகோதரர் கடுஞ்சினம் கொண்டார். விளையக்கூடிய கேடுகளை அடுக்கினார். அச்சினம் நெடுநாள் நீடிக்கவில்லை. விரைவில் அவரும் உடன்பட்டார்.

நானோ பெரிதும் அஞ்சியது சகோதரரைக் குறித்தன்று. சிற்றப்பன் முறையினரான ஜோசப் நேகிள் என்னும் செல்வந்தர் கத்தோலிக்கருள் சீர்திருத்தச் சபையினரின் வெறுப்புக்குப் பெரிதும் இலக்கானவர். பள்ளியால் அவருக்குத் தீங்கு நேருமோ என்பது நானோவின் கவலை. அவரிடமிருந்து தமக்குப் பெருஞ்சொத்து வரவிருந்ததையும் நானோ மறைக்கவில்லை. செய்தியறிந்த சிற்றப்பன் சினக்கவில்லை. குடும்பத்தாரோடு சேர்ந்து பொருளுதவியும் செய்தார். 1757இல் அவர் மறைந்தபின் நானோவுக்கு வந்த உடைமையே பள்ளிகளுக்கு முதலாயிற்று.

இந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்வித்தடைச் சட்டம் முன்போல் கடுமையாகச் செயற்படுத்தப்படவில்லை. எனவே நானோவின் மறைப்பை நீதிமன்ற அச்சத்தால் மட்டும் விளக்குதல் போதாது. கடிதத்தை ஊன்றி நோக்கின், அவர் முதலில் மறைத்தது தம் வீட்டாரிடமிருந்தே என்பது புலனாகும். உயர்குடிப் பெண் ஒருத்தி சந்தில் அமர்ந்து கூலிக்காரர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது அவர்தம் கற்பனைக்கு எட்டாதது. ஜோசப்பின் சிரிப்பு அதற்குச் சான்று. சட்டத்தின் தடையும் குலப்பெருமையின் தடையும் ஒரே வாயிலில் நின்றன.

ஓசையின்றிச் சிறுகச் சிறுகச் சேர்த்ததில், ஒன்பது திங்களுக்குள் பிள்ளைகளின் எண்ணிக்கை இருநூறளவாயிற்று. நகரின் மறுகோடியிலும் பள்ளி வேண்டுமென்று மக்கள் கேட்டனர். 1769க்குள் சிறுமியருக்கு ஐந்தும் சிறுவருக்கு இரண்டுமாக ஏழு பள்ளிகள் நடந்தன.

கற்பித்த முறை

காலை எட்டு மணிக்குப் பள்ளி திறக்கும். நண்பகலில் உணவுக்கு இடைவேளை. மாலை ஐந்து மணிக்கு முடியும். சிறுவர் முதலில் படிக்கக் கற்றனர். ஞானோபதேச நூலை மனப்பாடம் செய்தபின் எழுத்தும் கணக்கும் பயின்றனர். சிறுமியருக்குப் படிப்பும் ஞானோபதேசமும் முடிந்தபின் தையல் முதலிய கைவேலைகள் கற்பிக்கப்பட்டன. நாள்தோறும் திருப்பலி, காலை மாலை மன்றாட்டு, சனிக்கிழமைகளில் செபமாலை, திங்கள்தோறும் பாவசங்கீர்த்தனம் என்பன ஒழுங்காக நடந்தன. நானோ பள்ளி பள்ளியாகச் சென்று ஞானோபதேசத்தை விளக்கினார். முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளைத் தாமே ஆயத்தம் செய்தார்.

இன்றைய வழக்கில் இதனை விழுமியக் கல்வி என்பர். அச்சொல்லை இங்குக் கையாளும்போது எச்சரிக்கை வேண்டும். நானோவுக்கு எழுத்தறிவு தன்னளவில் இலக்காக இருக்கவில்லை. சமய அறிவுக்கு வாயிலாகவே அதை அவர் கருதினார். எழுத்தும் கணக்கும் சிறுவருக்கும் தையல் சிறுமியருக்கும் என்ற பகுப்பு அக்காலப் பொதுவழக்கை ஒட்டியது. அதை அவர் மீறவில்லை. அவர் மீறியது வேறிடத்தில். தாம் கற்றதைப் பிறர்க்குக் கற்பிப்பவராகவே பிள்ளைகளை அவர் வளர்த்தார். இத்தொண்டில் செல்வரினும் ஏழைகளே மிகுதியாகப் பயன்படக்கூடியவர் என்பது அவர் துணிபு. கொடை பெறுவோர் என்று மட்டுமே ஏழைகள் கருதப்பட்ட காலத்தில் இத்துணிபு அரியது.

கப்பலேறி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லவிருந்த சிறுவரையும் அவர் இந்நோக்கில் பயிற்றினார். அவர்கள் அங்குள்ள கறுப்பினச் சிறுவருக்கு ஞானோபதேசம் கற்பிப்பர் என்பது அவர் நம்பிக்கை. அக்கறுப்பினத்தார் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்ததும், கார்க் துறைமுகத்தின் இறைச்சி வணிகம் அத்தோட்டங்களைச் சார்ந்திருந்ததும் அக்கடிதத்தில் கேள்விக்குள்ளாகவில்லை. தம் நகரின் ஏழைகளை அத்துணை நெருங்கிக் கண்டவரின் பார்வைக்கும் காலம் ஓர் எல்லை வகுத்திருந்தது.

பகலில் பள்ளிகள், மாலைக்கு மேல் நோயாளர் இல்லங்கள். இருண்ட சந்துகளில் கைவிளக்கோடு அவர் நடந்து சென்றமையால் விளக்கேந்திய சீமாட்டி என்ற பெயர் பின்னாளில் நிலைத்தது. கைப்பொருள் கரைந்தபோது கடைகளிலும் வீடுகளிலும் சென்று இரந்தார். அவரை யாரென்றறியாத கடைக்காரர் சிலர் சாதாரண இரவலர் என்றே எண்ணி நெடுநேரம் நிறுத்தி வைத்ததுண்டு என்பது மரபுச் செய்தி.

உர்சுலைன் கன்னியரும் அடைப்பும்

ஏழு பள்ளிகளும் ஒரு பெண்மணியின் உடல்நலத்தையும் உடைமையையும் நம்பி நின்றன. தமக்குப்பின் என்ன ஆகும் என்ற கவலை நானோவைத் துறவுச் சபை ஒன்றை நாடச் செய்தது. பிரான்சில் பெண்கல்விக்குப் பெயர்பெற்றிருந்த உர்சுலைன் சபையை அவர் தெரிந்தார். எலினோர் ஃபிட்ஸ்சைமன்ஸ் முதலிய அயர்லாந்துப் பெண்கள் பாரிஸில் உர்சுலைன் மடத்தில் பயிற்சி பெற்றனர். பின்னாளில் கார்க் ஆயரான பிரான்சிஸ் மொய்லன் இம்முயற்சிக்குத் துணைநின்றார். தம் செலவில் கோவ் சந்தில் நானோ மடம் கட்டினார். 1771இல் உர்சுலைன் கன்னியர் அங்குக் குடியேறினர்.

எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. உர்சுலைன் கன்னியர் அடைப்பு விதிக்கு உட்பட்டவர். 16ஆம் நூற்றாண்டின் திரிதெந்தின் பொதுச்சங்கத்திற்குப்பின் பெண் துறவியர்க்கு அடைப்பு கண்டிப்பாக வலியுறுத்தப்பட்டது. மதிலுக்குள் வரும் சிறுமியர்க்கு அவர்கள் கற்பிக்கலாம், நகரெங்கும் பரந்திருந்த பள்ளிகளுக்குச் செல்லலாகாது, நோயாளரைக் காணலாகாது. மேலும், வசதியுள்ள குடும்பப் பெண்களுக்கான விடுதிப் பள்ளியே அவர்தம் சபை மரபில் முதன்மையான பணியாக இருந்தது. ஏழைச் சிறுமியர்க்கும் அவர்கள் கற்பித்தனர் எனினும், நானோ கண்ட முறை அதுவன்று. குறை கன்னியரிடத்தில் இல்லை. அவர்கள் தம் விதிக்கு உண்மையாக நடந்தனர்.

நானோ அம்மடத்தில் சேரவில்லை. 1775ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முந்தைய நாள், தம்மோடு மூவரைச் சேர்த்து இயேசுவின் திருஇருதய அறக்கல்விச் சகோதரிகள் என்னும் குழுவைத் தொடங்கினார். இதற்கென உர்சுலைன் மடத்தின் அருகே அவர் கட்டத் தொடங்கிய வீட்டை மொய்லன் எதிர்த்தார். ஒரே இடத்தில் இரு மடங்கள் இருப்பது முன்னதற்கு ஊறு விளைக்கும் என்பது அவர் கருத்து. கட்டியதை இடிப்பதாகவும் சொன்னார். அவ்வாறாயின் கார்க்கை விட்டு அயர்லாந்தின் வேறிடம் சென்று தம் பணியைத் தொடர்வதாக நானோ விடையிறுத்தார். எதிர்ப்பு அடங்கியது. துணைநின்றவரையே எதிர்த்து நிற்க வேண்டியிருந்த இத்தருணத்தில் நானோவின் உறுதி மிகத் தெளிவாக வெளிப்படுகிறது.

1777இல் நால்வரும் வார்த்தைப்பாடு அளித்தனர். நானோ இறைவனின் புனித அருளப்பர் என்னும் துறவுப் பெயர் ஏற்றார். அடைப்பு அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. பள்ளிக்கும் நோயாளர் இல்லத்திற்கும் அவர்கள் நடந்து சென்றனர். அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு நாளில் இரவலர் ஐம்பதின்மரை அழைத்து நானோ தம் கையால் உணவு பரிமாறினார். அச்சபையில் அது ஆண்டுதோறும் தொடரும் வழக்கமாயிற்று.

1780இல் லண்டனில் கத்தோலிக்கருக்கு எதிராகக் கார்டன் கலவரம் வெடித்தது. கார்க்கிலும் அச்சம் பரவியது. புதிய வீட்டிற்குக் குடிபெயர்வதை நானோ தள்ளிப்போட்டார். பின்னர் ஜூலைத் திங்களில் ஒருநாள் வைகறை மூன்று மணிக்கு முன்பே எழுந்து, கட்டில்களைப் பிரித்து அனுப்பி, கள்வர்போல் ஓசையின்றி இடம்பெயர்ந்ததாக டப்ளினில் ஏழைப்பள்ளி நடத்திய தெரேசா முலாலிக்கு எழுதினார். சீர்திருத்தச் சபை ஆயரின் உரிமம் பெற்றுக் கத்தோலிக்கர் கற்பிக்கலாம் என்று சட்டம் தளர்ந்தது 1782இல்தான். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவர்தம் பள்ளிகள் சட்டத்திற்குப் புறம்பாகவே நடந்துள்ளன.

முதிய பெண்களுக்கான இல்லமொன்றை நிறுவிய பின், காசநோயால் நலிவுற்று 1784 ஏப்ரல் 26இல் நானோ மறைந்தார்.

மறைவுக்குப் பின்

நானோ விட்டுச்சென்ற குழு மிகச் சிறியது. திருத்தந்தையின் ஒப்புதலும் அதற்கு இல்லை. 1791இல் முதல் ஒப்புதல் கிட்டியது. பின்னர், மரியன்னை கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கப்பட்டதைக் குறிக்கும் பிரசன்டேஷன் என்னும் பெயரைச் சபை ஏற்றது. 1805இல் திருத்தந்தை ஏழாம் பத்திநாதர் அதைப் பெருவார்த்தைப்பாடு கொண்ட சபையாக உயர்த்தினார். உயர்வோடு அடைப்பும் வந்தது. எதனைத் தவிர்க்க நானோ தனிக்குழு கண்டாரோ, அதுவே அவர் குழுவின் விதியாயிற்று.

இதனை அவர் நோக்கத்திற்கு இழைக்கப்பட்ட துரோகம் என்று கொள்வோர் உளர். அவ்வாறு முடிவுகட்டுதல் எளிது. முழு ஒப்புதலின்றிச் சபை நிலைபெற்றிருக்குமா என்பதையும் எண்ண வேண்டும். மடத்தோடு ஒட்டிய பள்ளியில் இலவசக் கல்வி தொடர்ந்தது; உறுப்பினர் பெருகினர்; புதிய மடங்கள் தோன்றின. வாட்டர்ஃபோர்டில் ஏழைச் சிறுவருக்குப் பள்ளி தொடங்கிய எட்மண்ட் ரைஸ், தம் சகோதரர் குழுவுக்குப் பிரசன்டேஷன் விதியையே முதலில் தழுவினார். இழந்தது பள்ளிக்கு வர இயலாதவரை நோக்கிய நடையை, அதாவது, கைவிளக்கை.

அடைப்பில் வாழ்ந்த கன்னியர் கடல் கடந்தது ஒரு வரலாற்று விந்தை. 1833இல் நியூஃபவுண்ட்லாந்துக்கும், 1842 ஜனவரியில் அன்னை சேவியர் கர்ரன் தலைமையில் சென்னைக்கும் அவர்கள் வந்தனர். பல்லாயிரம் கல் தொலைவு பயணம் செய்து, இறங்கிய இடத்தில் மீண்டும் மதிலுக்குள் புகுந்தனர். அன்று கறுப்பர் நகரம் எனப்பட்ட ஜார்ஜ் டவுனில் அவர்தம் முதல் மடம் அமைந்தது. கும்பினிப் படையிலிருந்த அயர்லாந்துப் போர்வீரரின் பிள்ளைகளும் ஆதரவற்றோரும் அவர்தம் தொடக்ககால மாணவியர். 1909இல் சர்ச் பார்க் பள்ளி தோன்றியது. முன்னாள் முதல்வர் ஜெயலலிதா பயின்ற பள்ளி என்று நகரத்தார் அதனை அறிவர். அதன் பின்னணியில் கோவ் சந்தின் முப்பது சிறுமியர் இருப்பதை அறிந்தோர் சிலரே. உர்சுலைன் விடுதிப் பள்ளியைக் கண்டு நானோ எழுப்பிய வினா, ஆங்கிலவழிக் கல்விக்கு நடுத்தர வர்க்கத்தார் முந்திய சென்னையிலும் எழுந்தே தீரும். ஏழைகளுக்கென அச்சபையினர் இங்கு நடத்திய பள்ளிகளின் பதிவேடுகள் முறையாகத் தொகுத்து ஆராயப்படின், அவ்வினாவுக்குச் சான்றோடு விடை காணலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை (1962–1965) அடுத்து அடைப்பு விதி நீங்கியது. கன்னியர் சேரிகளிலும் சிற்றூர்களிலும் வீடெடுத்து வாழத் தொடங்கினர். 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் நானோவை வணக்கத்திற்குரியவர் என அறிவித்தார். கோவ் சந்து இன்று டக்ளஸ் தெரு எனப்படுகிறது. அங்குள்ள பழைய மடம் 2017இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நானோவின் கல்லறையும் அவ்வளாகத்திலேயே உள்ளது. படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்களும் நகருக்குப் புதிதாக வந்தேறியவர்களும் பயிலும் கல்வி மையமொன்று, விளக்கின் பெயரைத் தாங்கி, அதே வளாகத்தில் இயங்கி வருகிறது.